மூன்று ஷிஃப்டில் ஓர் உடல்

நடையாலும் உணவு மாற்றத்தாலும் சர்க்கரை நோயைத் தள்ளிப்போட முடியும் என்பதற்கு இந்திய உடல்களிலிருந்தே கிடைத்த உறுதியான சான்று சென்னையில் உருவானது. மருத்துவர் அம்பாடி இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. அதில் சேர்ந்த 531 பேருக்கு அப்போது நோய் வந்திருக்கவில்லை. ஆனால் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தைப் பார்த்தால், இருக்க வேண்டியதைவிடச் சர்க்கரை கூடியிருந்தது. அதாவது வாசற்படியில் நின்றவர்கள். மூன்று ஆண்டுகளில், வழக்கமான அறிவுரைக்கு மேல் எதுவும் பெறாதவர்களில் 55 சதவீதம் பேர் நோயாளிகள் ஆனார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட பிரிவில் அது 39.3 சதவீதம், மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40.5, இரண்டையும் செய்தவர்களில் 39.5.

இந்த எண்களில் நான் திரும்பத் திரும்ப நின்று பார்ப்பது இரண்டு இடங்களில். வாசற்படியில் நின்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மூன்றே ஆண்டுகளில் உள்ளே போய்விட்டார்கள். நம் மக்களுக்கு இந்த நோய் காட்டும் வேகம் அது. அடுத்தது, வாழ்க்கை முறையை மாற்றிய பிரிவினருக்கு எடை குறையவே இல்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. அமெரிக்காவிலும் பின்லாந்திலும் நடந்த பெரிய ஆய்வுகளில் 58 சதவீதம் அளவுக்கு நோய் குறைந்தது உண்மைதான். அங்கே எடைக் குறைப்பே முதன்மை இலக்கு. சென்னையில் கிடைத்த பலன் சுமார் 28 சதவீதம். மெலிந்து காட்டினால்தான் பயன் என்று நினைத்து இரண்டு மாதத்தில் நடையைக் கைவிடுகிறவர்களிடம் சொல்ல வேண்டிய செய்தி இது.

அதே குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமானது. தென்கிழக்கு இந்தியாவின் அரசு, தனியார் நிறுவனங்களில் வேலை பார்த்த, 35 முதல் 55 வயதுக்குட்பட்ட 537 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு, அவரவர்க்கு வசதியான நேரத்தில், செல்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள்: என்ன சாப்பிடலாம், எவ்வளவு நடக்கலாம் என்ற சிறு நினைவூட்டல்கள். இரண்டு ஆண்டு முடிவில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும், பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. ஜிம் இல்லை, விலையுயர்ந்த உணவு இல்லை.

ஆகவே வாழ்க்கை முறை மாற்றம் பலிக்குமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து வெகுநாளாகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளைப் பார்க்கும்போது எழும் கேள்வி வேறு. ஒருவர் எழும் நேரமும், உண்ணும் சோறும், உறங்கும் பொழுதும் ஷிஃப்ட் அட்டவணையில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்போது, மாற்றச் சொல்வது யாருடைய வாழ்க்கை முறையை?

சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் இன்று அந்த அட்டவணையின்படி விழித்து உறங்கும் ஊர்களில் ஒன்று. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது 1990-களின் பிற்பகுதியில். பிறகு செயின்ட் கோபெய்ன், நோக்கியா, ஃபாக்ஸ்கான், ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசை நீண்டது. செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டு மாடிகள் வாடகை போர்ஷன்களாயின. ஓர் அறையில் நான்கைந்து பேர் தங்கும் இளைஞர்கள் தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா, அசாமிலிருந்தும் வந்தார்கள். காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு என்றால் கம்பெனி பஸ்ஸுக்காக நான்கரைக்கு எழ வேண்டும். அடுத்த வாரம் மதியம் இரண்டுக்கு. அதற்கடுத்த வாரம் இரவு பத்துக்கு. ஓவர்டைம் பார்த்தால் கணக்கு இன்னும் நீளும்.

இந்தச் சுழற்சி உடலை என்ன செய்கிறது என்பதை மருத்துவம் நெடுங்காலமாகக் கவனித்துவருகிறது. ஸ்வீடனில் ஒரு காகித ஆலைத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1986-இல் வெளியான ஆய்வு, ஷிஃப்ட் வேலை செய்கிறவர்களுக்கு இதய நோய் அபாயம் கூடுவதைக் காட்டியது. அமெரிக்கச் செவிலியர்களைப் பற்றி 2011-இல் வந்த ஆய்வு, மாறிமாறி இரவுப்பணி பார்த்த ஆண்டுகள் கூடக்கூட சர்க்கரை நோயும் கூடுவதைச் சொன்னது. காரணம் தூக்கக் குறைவு மட்டும் இல்லை. கணையத்துக்கும் கல்லீரலுக்கும் பகல் இரவு தெரியும். நள்ளிரவில் உண்ட சோற்றை, நண்பகலில் உண்ட அதே சோற்றைப்போல உடல் கையாள்வதில்லை. இன்சுலின் மந்தமாகச் சுரக்கிறது, சர்க்கரை நெடுநேரம் ரத்தத்தில் தங்குகிறது. 2021-இல் அமெரிக்காவில் 19 பேரைச் செயற்கையான இரவுப்பணியில் வைத்துப் பார்த்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரிச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. விழித்திருந்தாலும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நைட் ஷிஃப்டில் இருப்பவருக்கு இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது: முழுச் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்புமுன் முடித்துக்கொள்வது, இரவு ஒரு மணிக்குச் சுண்டலோ வேகவைத்த முட்டையோ மோரோ மட்டும் எடுத்துக்கொள்வது. கேண்டீன் அதைக் கொடுத்தால்தான் அவரால் அதைச் செய்ய முடியும்.

“நாள் முழுக்க லைனில் நிற்கிறேன், எனக்கு எதற்குத் தனியாக நடை?” என்பது தொழிலாளர் பலரும் கேட்கும் நியாயமான கேள்வி. 1953-இல் ஜெரமி மாரிஸ் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம். ஏறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களுக்குக் குறைவு. நடத்துநர் ஒருவர் ஒரு வேலைநாளில் 500 முதல் 750 படிகள் ஏறினாராம். குன்றத்தூர் முருகன் மலைக்கு 84 படிகள். ஆறு முதல் ஒன்பது முறை ஏறிய கணக்கு. ஆனால் ஒரே இடத்தில் நின்று திருகாணி முடுக்குவது அந்த வகை உழைப்பு ஆகாது. டென்மார்க்கில் நடந்த பிற்கால ஆய்வுகள் இதை இன்னும் தெளிவாக்கின: ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி இதயத்தைக் காக்கிறது; வேலையில் நெடுநேரம் நிற்பதும் தூக்குவதும் அப்படிக் காப்பதில்லை, சிலருக்கு அபாயத்தைக் கூட்டவும் செய்கிறது. நடையில் இதயத்துடிப்பு ஏறி, பிறகு ஓய்வுக்குத் திரும்புகிறது. எட்டு மணி நேர நிற்பில் ரத்த அழுத்தம் ஏறியபடியே இருக்கிறது. களைப்பு வேறு, பயிற்சி வேறு.

அந்தக் களைத்த மனிதரிடம் மேலும் அரைமணி நேரம் நடக்கச் சொல்வதில் ஒரு கொடுமை இருப்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் சென்னை ஆய்வு ஏற்கெனவே உடலுழைப்பிலோ நடையிலோ இருந்தவர்களிடம் கூடுதலாக எதையும் திணிக்கவில்லை. இருப்பதைத் தொடரச் சொன்னது. பஸ் ஏறும் இடத்துக்கு இரண்டு சக்கர வண்டியில் போவதற்குப் பதில் பத்து நிமிடம் வேகநடை, சாப்பிட்டதும் பத்து நிமிடம் என்று துண்டுதுண்டாகச் செய்தாலும் சேரும். சாப்பாட்டுக்குப் பிந்தைய சிறுநடை, ஏறிவரும் சர்க்கரையைத் தசைகளே எரித்துவிட உதவுகிறது.

சோற்றுக்கு வருவோம், நம் ஊர்ப் பிரச்சினையின் நடுப்பகுதி அங்கேதான் இருக்கிறது. இந்தியர்களின் உணவில் ஆற்றலின் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பதை மருத்துவர் மோகன், மருத்துவர் அஞ்சனா ஆகியோரின் சென்னைக் குழு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு காட்டியது. 2022-இல் அதே குழு 18,090 பேரின் உணவுக் கணக்கை வைத்து ஒரு மதிப்பீடு செய்தது. நோய் வராமல் தடுக்கவும், வந்ததைத் தணியச் செய்யவும் மாவுச்சத்து ஏறத்தாழ 50 முதல் 55 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், புரதம் 18 முதல் 20 சதவீதத்துக்கு ஏற வேண்டும் என்பது அதன் சாரம். சோற்றை விட்டுவிடு என்று அது சொல்லவில்லை. இரண்டாம் கரண்டிச் சோற்றின் இடத்தில் பருப்போ முட்டையோ மீனோ காயோ வந்தால் போதும்.

கேண்டீன் சாப்பாட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. சோறு அளவில்லாமல் கிடைக்கும். பருப்பு சாம்பாரில் கரைந்திருக்கும். பொரியல் ஒரு கரண்டி. அப்பளமும் ஊறுகாயும் உப்பை ஏற்றும். ஒப்பந்தக்காரருக்கு அரிசி மலிவு, பயறும் முட்டையும் விலை. அதுபோக டீ. ஒரு டீக்கு இரண்டு சிறு கரண்டிச் சர்க்கரை என்றால் ஏறத்தாழ 10 கிராம். தூக்கத்தை விரட்ட ஒரு ஷிஃப்டில் நான்கு டீ குடித்தால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. கம்பும் கேழ்வரகும் நல்லவைதான். ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் கேழ்வரகும் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். தானியத்தின் பெயர் மாறியதும் அளவைப் பற்றிய கவலை போய்விடுகிற பழக்கம் பரவியிருக்கிறது. அதனால் ஏமாந்தவர்கள் அதிகம்.

சாப்பாட்டை யார் முடிவு செய்கிறார்கள் என்பது இந்தப் பகுதியில் வெறும் சத்துணவுக் கேள்வியாக இருந்ததில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அதன்பின் விடுதிகள் கவனத்துக்கு வந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரே இடத்தில் அத்தனை இளம்பெண்கள் தங்குவார்கள் என்றால் அங்குள்ள சமையலறையின் உப்புக் கரண்டி ஒரு மாவட்ட மருத்துவமனையைவிட அதிகப் பேரின் ரத்த அழுத்தத்தைத் தொடுகிறது என்றே நான் கருதுகிறேன்.

அவர்கள் இருபது வயதுக்காரர்கள், இப்போது என்ன நோய் என்று கேட்கலாம். தொழிற்சாலைகளில் ஆய்வு செய்கிறவர்கள் நன்கறிந்த ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது: வேலையில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் எல்லாரும் நலமாகவே தெரிவார்கள்; முடியாதவர்கள் ஏற்கெனவே வெளியேறியிருப்பார்கள். பயிற்சியாளராகவும் கான்ட்ராக்டிலும் சேர்ந்தவர் சில ஆண்டுகளில் ஊர் திரும்புகிறார். இரவுத்தூக்கம் கெட்ட ஆண்டுகளின் கணக்கு, பிறகு ஏதோ ஓர் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பகால நீரிழிவாகவோ நாற்பது வயது மாரடைப்பாகவோ தெரியவருகிறது. தொழிற்சாலைப் பதிவேட்டில் அது ஏறுவதேயில்லை.

இளமை நம்மைக் காக்கும் என்பதும், ஒல்லி நம்மைக் காக்கும் என்பதும் இந்தியர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாத நம்பிக்கைகள். புணேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யட்கினும் 2004-இல் தங்கள் படங்களையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கான எடைக் குறியீடு ஒன்றே, 22.3. யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. அதனால்தான் நமக்கு எடை மெஷினைவிட அளவு நாடா முக்கியம். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் பரிசோதனைக்குப் போக வேண்டிய நேரம்.

வாழ்க்கை முறையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். சென்னையிலேயே நடந்த டி-கிளிப் ஆய்வு 2016-இல் வெளியானது: 578 பேர், வாராந்திர வகுப்புகள், தேவைப்பட்டால் மெட்ஃபார்மின். ஒட்டுமொத்தமாக 32 சதவீதம் நோய் குறைந்தது. ஆனால் வாழ்க்கை முறையை மாற்றிய பிரிவில் பெரும்பாலோருக்கு ஒரு கட்டத்தில் மாத்திரையும் தேவைப்பட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் கூடியிருந்தவர்களுக்குப் பலன் 12 சதவீதம்தான். எல்லார் உடலும் ஒரே மாதிரி கேட்பதில்லை. இதயத்தைப் பொறுத்தவரை இந்த எல்லை இன்னும் கண்டிப்பானது. மாரடைப்பு வந்த 3,959 பேரை இந்தியாவின் 24 மையங்களில் சேர்த்து நடந்த யோகா மறுவாழ்வு ஆய்வு (2020) வாழ்க்கைத் தரம் உயர்ந்ததைக் காட்டியது. மரணமும் மறு மாரடைப்பும் குறைந்ததாக உறுதிப்படுத்த அதனால் முடியவில்லை. ஸ்டென்ட் வைத்தவர் யோகா செய்யட்டும். ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். புகையிலையை விடுவதைவிடப் பெரிய வாழ்க்கை முறை மாற்றம் ஸ்டென்ட் வைத்தவருக்கு வேறு இல்லை. நெஞ்சு வலித்தால் வாயு என்று விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் அடங்கிய 14 மாத்திரைகளின் முதல் தவணை துணை சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

மாத்திரையும் ஷிஃப்டும் மோதும் இடம் ஒன்று உண்டு, அதை மருத்துவர்களே பல நேரம் கேட்பதில்லை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வழக்கமான நேரத்துக்குப் போட்டுவிட்டு, ஷிஃப்ட் மாறியதால் சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை கடுமையாக இறங்கும். வியர்வை, நடுக்கம், கண் மங்கல். எதிரில் பிரஸ் மெஷின். சீட்டில் “காலை, இரவு” என்று எழுதினால் போதாது. எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று மருத்துவரிடம் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நேரம் எழுதி வாங்க வேண்டும். சுகர் இருப்பது தெரிந்தால் கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்களோ என்று மறைப்பவருக்கு இந்த உரையாடலே நடப்பதில்லை. நோயைச் சொன்னவருக்கு வேலை போகாது என்ற உறுதி இல்லாத இடத்தில் எந்தத் தடுப்புத் திட்டமும் பாதி வழியில் நின்றுவிடும்.

அரசின் பக்கம் நடந்திருப்பது சிறிதல்ல. தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கே. சர்க்கரை 17.6 சதவீதம் பேருக்கு. கட்டுக்குள் இருந்தது 10.8 சதவீதம். இந்த நிலையில்தான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுபோன அந்தப் பெண் தன்னார்வலர்களின் உழைப்புக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் விருது கிடைத்தது தகும். ஆனால் அவர்கள் பகலில் கதவைத் தட்டும்போது லைன் தொழிலாளி வேலையில் இருப்பார், அல்லது நைட் முடிந்து தூங்குவார். அதை உணர்ந்துதான் 2023-24 பட்ஜெட்டில் 711 தொழிற்சாலைகளின் 8.35 லட்சம் தொழிலாளர்களுக்கு இத்திட்டத்தைப் பணியிடத்திலேயே கொண்டுசெல்வதாக அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த அடுத்த மாதமே, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத்திருத்தமும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. வேலைநேரம் என்பது மருத்துவ விஷயம் இல்லை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ரத்த அழுத்தத்தில் குறைந்த செலவில் கிடைக்கும் பலன் உப்பில் இருக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில், சமையல் உப்பின் ஒரு பகுதியைப் பொட்டாசியம் உப்பால் மாற்றினார்கள். 2021-இல் வந்த முடிவின்படி பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ருசியில் பெரிய வேறுபாடு இல்லை, யாரும் மன உறுதியைத் திரட்ட வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் ஆபத்து. எனவே அவர்களை அறிந்து வைக்காமல் கேண்டீனில் இதைத் தொடங்கக் கூடாது. ஆனால் அளவைக் குறைப்பதற்கு அந்தத் தடை இல்லை.

இதைக் கேட்கும் உரிமை தொழிலாளர்களுக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேண்டீனை விதித்ததோடு, அதை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறவும் வழிசெய்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, கான்ட்ராக்ட் தொழிலாளர்களையும் சேர்த்து எண்ணி, கேண்டீனுக்கான வரம்பை 100 பேராகக் குறைத்திருக்கிறது. நாற்பது வயது கடந்தவர்களுக்கு இலவச ஆண்டுப் பரிசோதனையும் அதில் வருகிறது. கேண்டீன் குழுவின் கூட்டங்களில் பெரும்பாலும் பேசப்படுவது ருசி, விலை, சுத்தம். அங்கே இன்னொரு கணக்கையும் கேட்கலாம். ஒரு மாதத்தில் வாங்கிய உப்பு எத்தனை மூட்டை, எண்ணெய் எத்தனை டின், சர்க்கரை எத்தனை கிலோ, பருப்பு எத்தனை கிலோ என்பது ஸ்டோர் பதிவேட்டில் இருக்கும். பரிமாறிய சாப்பாட்டின் எண்ணிக்கையும் இருக்கும். வகுத்தால், ஒரு தட்டுக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்லும் உப்பு 5 கிராமுக்குள். ஒருவேளைச் சாப்பாட்டிலேயே அதைத் தொட்டுவிடும் கேண்டீன்களின் பட்டியலைத் தொழிற்சாலை ஆய்வாளர் கேட்டு வாங்கலாம், தொழிற்சங்கமும் கேட்டு வாங்கலாம். நோட்டீஸ் போர்டில் ஷிஃப்ட் அட்டவணைக்குப் பக்கத்தில் அதை ஒட்டுவதற்கு ஒரு தாள் போதும்.